முதல்லேர்ந்து

காத்து என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, நாடகக் குழுவில் விழுந்த பெயர். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வசனம் மறந்து முழிக்கிறவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். குரல் நடிகரின் காதை எட்ட வேண்டும், முதல் வரிசையை எட்டக் கூடாது. வாயைத் திறக்க வேண்டும், திறந்த மாதிரி தெரியக் கூடாது. முப்பத்து நாலு வருஷமாக இதைச் செய்கிறார். கல்யாணமே செய்துகொள்ளாத ஆளுக்கு இவ்வளவு நல்ல பயிற்சி கிடைத்து வீணாய்ப் போகிறதே என்று குழுவில் எல்லோரும் அங்கலாய்ப்பார்கள்.

அந்தக் காத்து, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, தன் வீட்டு அடுக்களை வாசலில் நின்று வாயை மூடிப் பழகிக்கொண்டிருந்தார். உதட்டை உள்ளே மடித்துப் பார்த்தார். கையால் பொத்திப் பார்த்தார். எப்படி மூடினாலும் ஏதோ ஒரு பக்கம் திறந்துகொள்கிற பழைய பெட்டி மாதிரி இருந்தது அது.

"என்னடா, பல் வலியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. அந்தப் பொண்ணு வந்தா நான் பேசக் கூடாதாம்."

"எந்தப் பொண்ணு?"

"நேத்து சொன்னேனே. ஆஸ்பத்திரிலேர்ந்து தெரபிஸ்ட். நீ சமைக்கறதப் பாக்க வர்றா."

"இதுல பாக்க என்ன இருக்கு? அவ வீட்ல யாரும் சமைக்கறதில்லையா?"

நேற்றும் அக்கா இதையேதான் கேட்டாள். முந்தாநாளும். மூன்று தடவையும் காத்து சிரித்தார். நகைச்சுவை நன்றாகவே இருந்தது, அதனால் சிரிப்பது சிரமமாக இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், காத்து நாடக அரங்கில் இருந்த நேரம், அக்கா கேஸ் அடுப்பைத் திறந்தாள், பற்றவைக்க மறந்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள். கீழ்வீட்டு மெக்கானிக்குக்கு வாடை தட்டி, மாடியேறி, தோளால் இடித்துக் கதவைத் திறந்து, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா எழுந்து உட்கார்ந்து, கதவை உடைத்ததற்காக மெக்கானிக்கை ஒரு பிடி பிடித்திருக்கிறாள். ஆனால் சேதி, ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில் வேலையாக இருக்கும் அக்கா மகனுக்குப் போய்விட்டது. காத்து சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர். மெக்கானிக் சொல்லிவிட்டார்.

"மாமா, பகல் ரெண்டு மணிக்குப் போனா ஒம்பதரைக்குத்தான் வீட்டுக்கு வர்றீங்க. அதுவரைக்கும் அம்மா தனியா. இது சரிப்படாது. நான் இங்க கூட்டிட்டு வந்துடறேன்" என்றான் அவன் போனில்.

"அவளுக்கு இந்த வீடுதான்டா எல்லாம். கெளப்பினா வாடிப் போயிடுவா."

"யாரு வாடுவாங்க மாமா? அம்மாவா, நீங்களா?"

அந்தப் பையன் சின்ன வயசிலேயே இப்படித்தான். பொம்மையைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கிற ரகம்.

கடைசியில் மறதி டாக்டர் ஒரு வழி சொன்னார். தெரபிஸ்ட் வீட்டுக்கே வருவாள். அக்கா தன் அடுக்களையில், யார் உதவியும் இல்லாமல், அடுப்பில் ஒரு பண்டம் செய்து காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் பகலில் தனியாக இருக்கலாம். இல்லையென்றால் கூடாது. அக்கா மகனும் ஒத்துக்கொண்டான். தேறினால் அங்கேயே இருக்கட்டும், தேறாவிட்டால் சனிக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்றான்.

காத்துவுக்கு அறுபத்தொரு வயது. அக்காவுக்கு அறுபத்தெட்டு. அத்தான் போன பிறகு பதினோரு வருஷமாக இரண்டு பேரும் இந்த இரண்டு அறை மாடிவீட்டில் ஒருத்தரையொருத்தர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். சனிக்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டில் தன்னைக் குறை சொல்ல ஆளிருக்காது என்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறதி எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டபோது, "ரெண்டு மாசமாத்தான்" என்றிருந்தார் காத்து. அது பொய். இரண்டு வருஷம். அக்கா பேசிக்கொண்டே வருவாள், ஒரு சொல்லுக்கு முன்னால் கால் தடுக்கினாற்போல நிற்பாள். நிற்பது கேட்பதற்குள் காத்துவின் வாய் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடும். அதற்கு அவருடைய அனுமதியே தேவைப்படவில்லை. ‘குடை’ என்பார், ‘வியாழக்கிழமை’ என்பார், ‘பக்கத்து வீட்டு மாமி’ என்பார். அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அந்த டாக்டரே, "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டபோது, பின்னால் நாற்காலியில் இருந்த காத்து, ‘ரொட்டி, முட்டை’ என்று கொடுத்தார். "ரொட்டி, முட்டை" என்றாள் அக்கா. டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். டாக்டர் முதல் வரிசை. அவருக்கு எப்படிக் கேட்கும்?

தெரபிஸ்ட் நாலு நாள் முன்னாடியே போனில் சொல்லியிருந்தாள். "அவங்க தினமும் பண்றது வேண்டாம் சார், அது கையே பண்ணிடும். புதுசா, சுலபமா ஒண்ணு. சாக்லேட் புட்டிங் வெச்சுக்கலாம். அலமாரியில இருக்கறதே போதும். சர்க்கரை, கோக்கோ, சோளமாவு, உப்பு, பால் பவுடர். ஆனா முன்னாடியே பழக்கிடாதீங்க."

"சேச்சே" என்றார் காத்து.

போனை வைத்த கையோடு அலமாரியைத் திறந்தார். சர்க்கரை இருந்தது, சோளமாவு இருந்தது, கோக்கோ ஒரு பெரிய டப்பா நிறைய இருந்தது. அது நாடகக் கோக்கோ. போன வருஷம் ஒரு நாடகத்தில் கதாநாயகன் சேற்றில் விழுந்து புரண்டு எழ வேண்டும். நிஜச் சேறு உடுப்பை நாசமாக்கும் என்று கோக்கோவைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார்கள். முப்பது காட்சிக்குத் தாங்குமளவு வாங்கிவைத்தார்கள். நாலே காட்சியில் நாடகம் சேற்றிலிருந்து எழுந்திருக்காமல் படுத்துவிட்டது. மிச்ச டப்பா இங்கே வந்து சேர்ந்தது.

மூன்று நாள் ஒத்திகை. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, காத்து அரங்குக்குக் கிளம்பும் வரை. செய்முறையை அவர் வசனமாகவே எழுதிவிட்டார்.

"சர்க்கரை நாலு. கோக்கோ மூணு. சோளமாவு ரெண்டு. உப்பு ஒரு சிட்டிகை. கலக்கு. பால ஊத்து. அடுப்பப் பத்தவை. கிண்டு. கெட்டியானா அணை, இறக்கு. சொல்லு பாப்போம்."

"என்னடா, எனக்கா சொல்லித் தர்ற? உனக்குத் தண்ணி கொதிச்சுதான்னே தெரியாது."

"சொல்லுக்கா."

"சர்க்கரை நாலு. கோக்கோ மூணு. சோளமாவு... சோளமாவு... அடுப்பப் பத்தவை."

"இல்ல. முதல்லேர்ந்து."

குழுவில் அதுதான் சட்டம். ஒத்திகையில் நடுவில் தப்பினால் நடுவிலிருந்து தொடரக் கூடாது. தப்பிய இடத்தை ஒட்டுப்போட்டால் மேடையில் அதே இடத்தில்தான் கிழியும் என்று காத்து இளம் நடிகர்களிடம் சொல்வார். முதல்லேர்ந்து. அக்காவும் முதலிலிருந்து சொன்னாள், முதலிலிருந்து செய்தாள். தப்பினால் பாத்திரத்தைக் கழுவி, மறுபடி சர்க்கரை டப்பா. இரண்டாம் நாள் ஓரளவு பிடிபட்டது. மூன்றாம் நாள் ஐந்து தடவை தொடர்ச்சியாக, ஒரு சொல் பிசகாமல், ஒரு கரண்டி கூடாமல் குறையாமல் செய்து முடித்தாள். முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து, "இதுக்கா என்னைக் கழுத்தறுத்த?" என்றாள். கிண்ணத்திலிருந்த புட்டிங் பளபளவென்று, தளதளவென்று இருந்தது. காத்துவுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினார்.

செய்ததையெல்லாம் தின்று தீர்க்க இரண்டு பேருக்கு வயிறு போதவில்லை. கீழ்வீட்டு மெக்கானிக்குக்குக் கிண்ணம் கிண்ணமாக இறங்கியது. ஆறாவது கிண்ணத்தோடு காத்து நின்றபோது, அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சார், உண்மையச் சொல்லுங்க. எனக்கு ஏதாவது பெரிய வியாதியா? டாக்டர் உங்ககிட்ட எதுவும் சொன்னாரா?"

இப்போது செவ்வாய்க்கிழமை, பத்து மணி. தெரபிஸ்ட் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். முதுகுப்பையும் அட்டையில் செருகிய தாள்களுமாக இருந்தாள். அக்காவைப் பார்த்துச் சிரித்து, அடுக்களை மூலையிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். செய்முறையைப் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு காகிதத்தை அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

"அம்மா, இதப் பாத்துப் பாத்தே பண்ணலாம். அவசரம் இல்ல. சார், நீங்க வாசல்ல நிக்கலாம். ஆனா பேச்சு, ஜாடை, இருமல் எதுவும் கூடாது. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாலும் டெஸ்ட் அதோட முடிஞ்சுது."

"கொட்டாவி?"

"அது விடலாம்."

"அவனால முடியாதும்மா" என்றாள் அக்கா. "தூக்கத்துலயே பேசறவன்."

ஆரம்பித்தாள். சுவர்க் காகிதத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. சர்க்கரை நாலு. கரண்டியைத் தலைதட்டி, ஒவ்வொன்றாக. கோக்கோ மூணு. சோளமாவு ரெண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உப்பு. கலக்கினாள். பால் பவுடரை ஜாடியில் தண்ணீர் விட்டுக் கரைத்தாள், கட்டி இல்லாமல். காத்துவின் உள்நாக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தது, உதடு அசையவில்லை. இவ்வளவு அழகாக அவர் தொழில் பார்த்ததே இல்லை, வேலையே இல்லாமல்.

ஜாடியைக் கையில் எடுக்கப் போனாள். அப்போது தெரபிஸ்ட் கேட்டாள்:

"அம்மா, இங்க பக்கத்துல தபாலாபீஸ் எங்க இருக்கு?"

அக்கா முப்பத்தோரு வருஷம் தபாலாபீசில் கடிதம் பிரித்தவள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகத் திரும்பினாள்.

"எதுக்கு? தபால் போடணுமா? சாதாவா, பதிவா? பதிவுன்னா மூணாவது ஜன்னலுக்குப் போ. ரெண்டாவது ஜன்னலுக்குப் போகாத. அங்க இருக்கறவன் எடை போடறப்ப விரலையும் சேத்து வெச்சுடுவான். பாலம் தாண்டி இடது பக்கம், ரொட்டிக்கடைக்கு எதிர்ல. பன்னண்டரைக்குள்ள போயிடு, அப்புறம் சாப்பாட்டுக்குப் பூட்டிடுவாங்க."

தெரபிஸ்ட் சிரித்துவிட்டாள். காத்துவுக்கு நெஞ்சு விம்மியது. பார்த்தாயா என் அக்காவை, என்று மனசுக்குள் முக்காலியில் இருந்தவளிடம் சொன்னார். இரண்டாவது ஜன்னல்காரன் ஓய்வு பெற்று எட்டு வருஷமாகிறது என்பது வேறு விஷயம்.

அக்கா பாத்திரத்தின் பக்கம் திரும்பினாள். நின்றாள்.

அந்த நிற்பு காத்துவுக்குத் தெரியும். மேடையில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறார். தோள் லேசாக உயரும். கை எங்கேயோ போகப் புறப்பட்டு, பாதி வழியில் முகவரியைத் தொலைக்கும். ‘பால ஊத்து’ என்ற இரண்டு சொல் அவர் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. விழுங்கினார்.

அக்காவின் தோள் இறங்கியது. முகம் தெளிந்தது. அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. கையை நீட்டி, சர்க்கரை டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

சர்க்கரை நாலு.

ஐயோ, என்று நினைத்தார் காத்து. முதல்லேர்ந்து.

தப்பினால் என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார் அல்லவா, மூன்று நாள் தொண்டை வறள. அதை அவள் அப்படியே செய்துகொண்டிருந்தாள். தலைதட்டிய நாலு கரண்டி, ஏற்கெனவே இருந்த நாலின் மேல். கோக்கோ மூணு. சோளமாவு ரெண்டு. ஒரு சிட்டிகை உப்பு. ஒரு சொல் பிசகவில்லை. தெரபிஸ்டின் பேனா தாளில் நகர்ந்தது. அதிகச் சத்தமில்லாமல்தான் நகர்ந்தது, ஆனால் காத்துவுக்குத் தகரத்தில் ஆணி கிழிக்கிற மாதிரி கேட்டது.

பால் ஊற்றினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். லைட்டரின் முதல் தட்டிலேயே பற்றியது. கைப்பிடியைக் கைத்துணியால் பிடித்துக்கொண்டு கிண்டினாள். இரண்டு பங்கு சோளமாவு பால் சூடேறியதுமே வேலையைக் காட்டியது. ஒத்திகையில் எட்டு நிமிஷம் பிடித்தது, இப்போது மூன்று நிமிஷத்தில் சுவர் பூசுகிற கலவை மாதிரி இறுகி, கரண்டி நட்டுக்குத்தலாக நின்றது. அக்கா கரண்டியைப் பார்த்தாள். வசனத்தில் இது இல்லை. ஆகவே எங்கோ தப்பியிருக்கிறது. அப்படியானால்?

கைத்துணியை அடுப்போரமாக வைத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்தாள்.

துணியின் ஒரு முனை நெருப்புக்கு உள்ளே இருந்தது.

காத்து அதைப் பார்த்தார். தெரபிஸ்ட் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. அக்கா பார்க்கவில்லை. முனை முதலில் பழுப்பானது. பிறகு கறுத்தது. அக்கா ஒரு கரண்டி போட்டாள். அவள் தானாகவே பார்த்துவிடுவாள், என்று நினைத்தார். இரண்டு கரண்டி. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, சனிக்கிழமை ரயில். இப்போது திரும்புவாள். மூன்று. மெல்லிய புகை ஒன்று நூல் மாதிரி எழும்பி அவள் முழங்கைப் பக்கம் வளைந்தது. மேடையில் என்றால் ஒரு மூச்சு நேரத்துக்குள் கொடுத்திருப்பார். எவனோ ஒரு கற்றுக்குட்டி ராஜா தன் மந்திரி பெயரை மறந்தாலும் கொடுத்திருப்பார். இங்கே உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றார். நாலு.

சரசரவென்று துணியில் மஞ்சளாய்த் தீ ஓடியது. முக்காலி பின்னால் விழுந்தது. தெரபிஸ்ட் இரண்டு எட்டில் வந்து அடுப்பை அணைத்து, இடுக்கியால் துணியைத் தூக்கிக் கழுவுதொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். அக்காவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சட்டைக் கையின் ஓரத்தில் இரண்டு நூல் மட்டும் சுருண்டிருந்தது.

"என்ன அவசரம் இந்தப் பொண்ணுக்கு?" என்றாள் அக்கா. "நான் இன்னும் கோக்கோவே போடலையே."

தெரபிஸ்ட் அவளைக் கைபிடித்து நாற்காலியில் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பிறகு முன்னறைக்கு வந்தாள். காத்து அவள் பின்னாலேயே வந்தார்.

"சார், துணி பத்திக்கிட்டத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"புகைய ஆரம்பிச்சப்பவே."

அவள் அதைத் தாளில் குறித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் ‘நீதானே பேசக் கூடாதுன்ன’ என்று திருப்பிச் சொல்லிவிடலாம் என்று காத்து அதைத் தயாராக வைத்திருந்தார். அவள் திட்டாததால் அது வாயிலேயே கசந்துகொண்டு கிடந்தது.

"என் தப்பும்மா" என்றார். "நீங்க வேண்டாம்னீங்க, நான் பழக்கிட்டேன். மூணு நாள். தப்பினா முதல்லேர்ந்து ஆரம்பின்னு நான்தான் சொல்லி வெச்சேன். அதான் அவ அப்படிப் பண்ணா. நீங்க நடுவுல கேள்வி கேட்டீங்க, வரிசை விட்டுப் போச்சு. நான் பழக்காம இருந்தா ஒழுங்காப் பண்ணியிருப்பா. இன்னொரு தரம் பாருங்களேன். வேற ஏதாவது சொல்லுங்க. சத்தியமா இந்தத் தடவ நான் வீட்லயே இருக்க மாட்டேன், கீழ போய் மெக்கானிக் கடையில உக்காந்துக்கறேன்."

"இருக்கலாம் சார். நீங்க சொல்றது புரியுது." அவள் பேனாவை மூடினாள். "ஆனா பாத்திரம் அவங்க கண்ணு முன்னாடிதானே இருந்துது? அதுக்குள்ள சர்க்கரையும் கோக்கோவும் இருந்துது. அத அவங்க பாக்கலையே."

காத்து வாயைத் திறந்தார். வரவில்லை. எதிரில் இருக்கிறவர்களுக்கு வராதபோது கொடுத்துத்தான் பழக்கம், தனக்கு வராதபோது என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசம் இல்ல. ரெண்டு வருஷம்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். குடை, வியாழக்கிழமை, பக்கத்து வீட்டு மாமி. டாக்டர் அறையில் கொடுத்த ரொட்டி, முட்டை. ஒரு தடவை அக்கா தெருமுனையில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றதும், அதை அவர் வேடிக்கைக் கதையாக்கி அவளிடமே சொல்லிச் சிரிக்க வைத்ததும். சொல்லச் சொல்ல, இதில் எந்த இடத்தில் தான் அக்காவுக்கு உதவினோம், எந்த இடத்தில் தனக்கே உதவிக்கொண்டோம் என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. தெரபிஸ்ட் பேனாவை மறுபடி திறந்து எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு தாள் முடிந்து இன்னொன்றை எடுத்தாள்.

"தனியா இருக்கக் கூடாதுன்னுதான் எழுதணும் சார். பகல்ல யாராவது கூட இருக்கணும். டாக்டர்கிட்ட குடுத்துடறேன். அவங்க பையனுக்கு நான் பேசட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்றேன்."

போகும்போது அவள் அடுக்களைக்குள் எட்டிப்பார்த்து, "வரேம்மா" என்றாள்.

"சாப்பிடாமப் போறியே" என்றாள் அக்கா. "ஒரு கிண்ணம் போட்டுத் தரேன், இரு." போட்டுத் தர முடியவில்லை. அது கரண்டியைவிட்டு வர மறுத்தது. கத்தியால்தான் வெட்ட வேண்டியிருந்தது. தெரபிஸ்ட் நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டு, மெல்ல முயன்று, மென்றே ஆக வேண்டுமென்று தீர்மானித்தவளாகக் கண்ணில் நீர் வர மென்று விழுங்கிவிட்டுப் போனாள். நல்ல பெண். அதுதான் காத்துவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சண்டை போடக்கூட ஆள் கிடைக்கவில்லை.

அக்கா மகன் இரண்டாவது மணி அடித்ததுமே போனை எடுத்தான்.

"சொல்லுங்க மாமா. அம்மா பாஸா?"

"இல்லடா."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவன் ‘நான்தான் சொன்னேனே’ என்று சொல்லவில்லை. "அம்மாகிட்ட குடுங்க" என்றான்.

காத்து போனை ஸ்பீக்கரில் போட்டு அக்கா முன்னால் மேஜைமேல் வைத்தார்.

"அம்மா, இங்க எங்க கூட வந்து இருக்கியா?"

அக்கா போனைப் பார்த்தாள். பதில் சொல்லப் போகிற மாதிரி உதடு பிரிந்தது, நின்றது. காத்துவின் வாய்க்குள் மூன்று வசனம் வரிசையில் நின்றது. ‘வேண்டாம்டா, இங்கயே இருக்கேன்.’ ‘மாமா பாத்துப்பான்.’ ‘உனக்கு எதுக்கு சிரமம்.’ எதைக் கொடுத்தாலும் அவள் அப்படியே சொல்வாள். காத்துவுக்கு அது நன்றாகத் தெரியும். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஹலோ? மாமா? லைன் கட்டாயிடுச்சா?"

"இல்ல. இருடா. அவளுக்கு நேரம் குடு."

தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வருகிற பீப் பீப் கேட்டு ஓய்ந்தது. அடுக்களைக் குழாய் சொட்டியது.

"அங்க எனக்குக் குடுக்கற ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்கும்மா. பெரிய ஜன்னல்."

"தெருவப் பாத்தா?"

"தெருவப் பாத்துதான். எதிர்ல ஸ்கூல் இருக்கு."

"பகல்ல வீட்ல யாரு?"

"உன் மருமக இருப்பாம்மா. வீட்லேர்ந்துதான வேலை பாக்கறா. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் வாயே தொறக்க மாட்டா."

"அது போதும்" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். காத்து மூன்றடி தூரத்தில், அவள் முகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "இவன் ரொம்பப் பேசறான்டா. நான் ஒண்ணு யோசிச்சு எடுக்கறதுக்குள்ள இவன் சொல்லிடறான். அப்புறம் நான் என்ன சொல்ல வந்தேன்னே எனக்குத் தெரியறதில்ல. நல்லவன்தான். ஆனா தலைய வலிக்குது."

போனில் மறுபடி நாற்காலி நகர்ந்தது.

"மாமா," என்றான் பிறகு, "நீங்க வேணா நீங்களும்..."

"எனக்கு நாடகம் இருக்குடா" என்றார் காத்து. "உங்க ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்காமே. அங்க வந்து நான் யாருக்கு எடுத்துக் குடுக்கறது?"

அவன் சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

அக்கா எழுந்து உள்ளறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. "டேய், மேல இருக்கற பெட்டிய எடு."

"இன்னும் நாலு நாள் இருக்குக்கா."

"மறந்துடுவேன்டா. இப்பவே எடு."

விழுந்து கிடந்த முக்காலியை நிமிர்த்தி, அதன்மேல் ஏறிப் பெட்டியை இறக்கினார். தூசி தட்டினார். தும்மினார். அக்கா பெட்டியைக் கட்டிலில் திறந்து வைத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். தபாலாபீசில் கடிதம் அடுக்கியவள் அல்லவா, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, அளவு பார்த்து அடுக்கினாள். அவள் உடுப்புகள், அவள் கம்பளிச் சட்டை, இரண்டு துண்டு. பிறகு கொடியிலிருந்து காத்துவின் கறுப்புச் சட்டையை எடுத்தாள். திரைக்குப் பின்னால் நிற்கும்போது வெளிச்சத்தில் தெரியாமலிருக்க அவர் தினமும் போட்டுக்கொண்டு போகிற சட்டை. அது ஒன்றுதான் இருந்தது. உதறி, கையை மடித்து, பித்தானை நேராக்கி, தன் துணிகளுக்கு நடுவில் வைத்தாள்.

காத்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையது என்று தெரிந்து வைத்தாளா, தெரியாமல் வைத்தாளா என்று கேட்கலாம். கேட்டால் அவளுக்கு முகம் மாறும். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

அக்கா பெட்டியை மூடி, இரண்டு பக்கமும் தாழைப் போட்டு, இழுத்துப் பார்த்தாள்.

ஒன்றரைக்குக் கீழ்வீட்டு மெக்கானிக்கின் மனைவி துணைக்கு வந்து உட்கார்ந்த பிறகு, காத்து நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அரங்குக்குக் கிளம்பினார். அன்றைக்குப் பூராவும் திரையோரத்தில் அவர் பார்வையாளர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார். இயக்குநர் கண்டபடி கத்தப் போகிறார்.